பழங்கற்படி: வால்வு ரேடியோவும் ‘அதுவே இது’ என்ற கேள்வியும்

பல ஆண்டுகள் ஊமையாகக் கிடந்த வால்வு ரேடியோ ஒன்றைச் சீர்செய்து மீண்டும் பேச வைக்கும்போது, அதன் உள்ளுறுப்புகளில் கணிசமான பங்கு கழற்றப்பட்டுப் புதியவை பொருத்தப்படுகின்றன. வேலை முடிந்தபின் மேசையில் இருப்பதை ‘அதே ரேடியோ’ என்று சொல்லலாமா என்பது பொழுதுபோக்குக் கேள்வியாகத் தோன்றலாம். மாறிக்கொண்டே இருக்கும் ஒரு பொருள் எப்படி அதுவாகவே நீடிக்கிறது என்ற இதே கேள்வியை வைத்துத்தான் கிரேக்கரும் பௌத்தரும் நையாயிகரும் சமணரும் சைவரும் உடல், உயிர், மறுபிறப்பு பற்றி நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்டார்கள். ரேடியோவைக் கொண்டு அதை ஆராய்வதில் ஒரு வசதி உண்டு. அதன் ஒவ்வோர் உறுப்பும் என்ன வேலை செய்கிறது, ஏன் கெடுகிறது என்பது ஐயமின்றித் தெரியும்.

1950களில் வீடுகளில் இருந்த ரேடியோக்களில் பெரும்பாலானவை எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1918இல் வகுத்த சூப்பர்ஹெட்டரோடைன் முறையில் இயங்கியவை. ஏரியலில் வரும் நுண்ணிய அலையை முதல் வால்வு ஏறத்தாழ 455 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றும். இரண்டாவது அதைப் பெருக்கும். மூன்றாவது அதிலிருந்து பேச்சையும் பாட்டையும் பிரித்தெடுக்கும். நான்காவது ஸ்பீக்கரை அசைக்கும் அளவுக்கு வலிமை தரும். ஐந்தாவது வால்வு மின்சாரத்தை ஒருதிசையாக்கி மற்ற நான்குக்கும் ஊட்டும். ஐரோப்பிய ரேடியோக்களில் ஈசிஎச்81, ஈஎஃப்89, ஈபிசி81, ஈஎல்84, ஈஇசட்80 என்ற ஐந்தும் அடிக்கடி ஒன்றாகக் காணப்படும் வரிசை.

இத்தகைய பெட்டி அறுபது ஆண்டுகள் பரணில் கிடந்தால் எது சாகும், எது பிழைக்கும் என்பதில் பார்ப்பவரின் கணிப்பு பெரும்பாலும் தவறும். கண்ணாடிக் குழல்கள்தான் முதலில் போயிருக்கும் என்று தோன்றும். உண்மையில் வால்வுகள் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். சாவது காகிதமும் மெழுகும். இரண்டு உலோகத் தாள்களுக்கு இடையே காகிதம் வைத்துச் சுருட்டி மெழுகில் தோய்த்த கண்டென்சர்கள் காற்றின் ஈரத்தை மெல்ல உறிஞ்சி, மின்சாரத்தைத் தடுக்க வேண்டிய இடத்தில் கசிய விடுகின்றன. மூன்றாவது வால்வுக்கும் நான்காவதுக்கும் நடுவே உள்ள ஒரு சிறிய கண்டென்சர் கசிந்தால் போதும். நான்காவது வால்வின் கட்டுப்பாட்டு வலையில் நேர் மின்னழுத்தம் ஏறி, அது தாங்க முடியாத மின்னோட்டத்தை இழுத்துச் சிவந்து, அவுட்புட் ட்ரான்ஸ்பார்மரையும் எரித்துவிடும். சில ரூபாய் பெறும் காகிதச் சுருள் ஒன்று, தேடியும் கிடைக்காத ட்ரான்ஸ்பார்மரைக் கொல்கிறது. எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்களில் உள்ள திரவம் வறண்டுபோகும். அலுமினியத்தின் மேலுள்ள ஆக்சைடுப் படலம், மின்னழுத்தமே காணாமல் கிடப்பதால் நலியும். கார்பன் ரெசிஸ்டர்கள் குறித்த அளவைவிட ஏறியிருக்கும். ரப்பர் உறையிட்ட கம்பிகளைத் தொட்டால் உறை பொடியாக உதிரும்.

ஆகவே தெரிந்த கைகள் பழைய ரேடியோவை நேராக மின் இணைப்பில் செருகுவதில்லை. முதலில் 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் வைக்கிறார்கள். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்து எச்சரிக்கும், ரேடியோ தப்பும். காகிதக் கண்டென்சர்கள் அனைத்தையும் சோதனையின்றியே மாற்றுவது வழக்கம். அளவு பிறழ்ந்த ரெசிஸ்டர்கள் அடுத்துப் போகின்றன. மின் இணைப்புக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே உள்ள கண்டென்சருக்குப் பதிலாக, பழுதானாலும் ஷார்ட் ஆகாத பாதுகாப்பு வகை ஒன்று வைக்கப்படுகிறது. இதில் உயிரே சம்பந்தப்பட்டிருப்பதால் பழமை பேசி விட்டுவிட இடமில்லை. பிறகு பவர் கம்பி, டயல் நூல், கிழிந்த ஸ்பீக்கர் காகிதம். கடைசியாக, முதல் வால்வு மாற்றித் தரும் இடைநிலை அலைவரிசைக்கான (ஐ.எஃப்.) சுருள்களைத் திருகிச் சேர்க்கும் வேலை. முடிவில் பழையவை என்று மிஞ்சுவன மரப்பெட்டி, சட்டம், ட்ரான்ஸ்பார்மர்கள், சுருள்கள், டயல் கண்ணாடி, வால்வுகள்.

வால்வுகளிலும் உண்மையில் வேலை செய்வது கண்ணாடியோ உலோகமோ மட்டும் அன்று. காற்று இல்லாமைதான் அதற்கு உயிர்நிலை. தொழிற்சாலையில் காற்றை உறிஞ்சி மூடியபின், எஞ்சிய துளியையும் பேரியம் தின்றுவிட, அதன் அடையாளமாகக் குழலின் மேற்பகுதியில் வெள்ளிப் பூச்சுப் போல ஒரு பளபளப்பு படியும். காற்று புகுந்தால் அந்தப் பளபளப்பு வெளுத்துப் பால் நிறமாகும். அந்த வால்வு முடிந்தது. எந்த உறுப்பையும் வாங்கலாம், செய்யலாம், ஒட்டலாம். போன வெற்றிடத்தை மட்டும் வீட்டு மேசையில் எவரும் திரும்ப வைக்க முடியாது. இன்மையையும் ஒரு பதார்த்தமாக, உலகில் உள்ளவற்றுள் ஒன்றாக, வைசேடிகர் எண்ணியதை வீண் நுணுக்கம் என்று தள்ளியவர்கள் உண்டு. வால்வு ரேடியோவில் மாற்ற முடியாத, செய்த நாள் முதல் அறுபடாமல் தொடர்ந்துவரும் ஒரே உறுப்பு ஓர் இன்மை என்பதைப் பார்த்தால், அந்த எண்ணிக்கையில் ஆழம் இருப்பது தெரியும்.

உறுப்புகள் மாறிய பின்னும் பொருள் அதுதானா என்ற கேள்விக்கு மேற்கே நிலைத்த எடுத்துக்காட்டு கிரேக்கப் புராண வீரன் தீசியஸின் கப்பல். முப்பது துடுப்புகள் கொண்ட அந்தக் கப்பலை ஏதென்ஸ் நகரத்தார் பாதுகாத்து, உளுத்த பலகைகளை எடுத்துப் புதியவற்றைப் பொருத்திவந்தார்கள் என்றும், தத்துவ அறிஞர்கள் அதை வைத்து இரு கட்சியாகப் பிரிந்தார்கள் என்றும் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதினார். 1655இல் ஆங்கிலத் தத்துவ அறிஞர் தாமஸ் ஹாப்ஸ் இதில் ஒரு முடிச்சைக் கூட்டினார். கழற்றிய பழம் பலகைகளை ஒருவர் சேர்த்துவைத்து, அதே வரிசையில் இன்னொரு கப்பல் கட்டினால் எது தீசியஸின் கப்பல்? இரண்டுமே எனில் ஒன்று இரண்டாகிவிடும்; அது அபத்தம்.

ரேடியோவைப் பொறுத்தவரை ஹாப்ஸின் இரண்டாவது கப்பல் கற்பனையன்று. கழற்றிய பழைய கண்டென்சர்களை உறையில் போட்டுப் பத்திரப்படுத்துவோர் பலர். அவற்றை மீண்டும் அதே சட்டத்தில் பற்றவைத்தால், பொருளளவில் முற்றிலும் பழைய ரேடியோ கிடைக்கும். ஆனால் அது பேசாது. மின்சாரம் கொடுத்தால் தன்னையே எரித்துக்கொள்ளும். கடலுக்குப் போகாத கப்பலையாவது கரையில் நிறுத்திக் கப்பல் என்று காட்டலாம். கேட்க முடியாத ரேடியோவை என்னவென்று அழைப்பது? இங்கே அரிஸ்டாட்டில் குறுக்கிடுகிறார். கண் ஒரு விலங்காக இருந்தால் பார்வையே அதன் உயிராக இருக்கும் என்றும், பார்வை போன கண்ணும் கல்லில் செதுக்கிய கண்ணும் பெயரளவில்தான் கண் என்றும் உயிர் பற்றிய நூலில் அவர் வாதிட்டார். அவர் கணக்கில் பரணில் கிடந்த அறுபது ஆண்டும் அது பெயரளவு ரேடியோதான். சீர்செய்தவர் ஒரு பழைய ரேடியோவைக் காக்கவில்லை, ஊமைப் பெட்டியிலிருந்து மீண்டும் ஒரு ரேடியோவை உண்டாக்கியிருக்கிறார். இந்தத் தீர்ப்பு சற்றுக் கடுமையானது. உறங்குபவரை உயிரற்றவர் என்று எவரும் சொல்வதில்லை. அரிஸ்டாட்டிலும் உறக்கத்துக்கு இடம் வைத்தே உயிரை விளக்கினார். பரணில் கிடந்த ரேடியோ உறங்கியதா, இறந்ததா என்பதற்கு விடை, உள்ளே இருந்த காகிதத்தின் நிலையைப் பொறுத்தது என்பதுதான் இதிலுள்ள விந்தை.

இந்தியச் சிந்தனையில் இதே வழக்கு இன்னும் கறாராக நடந்தது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட மிலிந்தன் என்ற கிரேக்க மன்னனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் கேட்டதாகப் பாலி நூல் கூறுவது: அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகத்தடி தேரா, எல்லாம் சேர்ந்த குவியல் தேரா? எதுவும் இல்லை எனில் தேர் எங்கே? உறுப்புகள் முறைப்படி சேர்ந்தபோது வழங்கும் பெயரே தேர். அதுபோல உடலும் மனமுமான ஐந்து கந்தங்கள் சேர்ந்தபோது வழங்கும் பெயரே நாகசேனன். அதே நூலில் விளக்கு உவமையும் வருகிறது. முதல் சாமத்தில் எரிந்த சுடரும் கடைச் சாமத்தில் எரியும் சுடரும் ஒன்றும் அல்ல, வேறும் அல்ல. ஒன்றைப் பற்றி ஒன்று எழும் தொடர்ச்சிதான் உண்டு. மறுபிறப்பும் அவ்வாறே என்பது பௌத்தரின் முடிவு.

நியாய தரிசனத்தைச் சார்ந்த நையாயிகருக்கு இது போதவில்லை. முழுமை என்று தனியாக ஒரு பொருள் இல்லையென்றால், ஒரு முனையைப் பிடித்து இழுக்கும்போது மொத்தமும் கூட வருவது எப்படி என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். அவயவங்களில் உறைந்து, அவற்றினும் வேறாக இருக்கும் அவயவி ஒன்று உண்டு என்பது அவர்கள் கொள்கை. அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் பெரிது. துணியிலிருந்து ஒரு நூலை உருவினால் பழைய துணி அழிந்து, எஞ்சிய நூல்களில் புதிய துணி ஒன்று தோன்றுகிறது என்று அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. முழுமையை அவ்வளவு உறுதியாகப் பற்றியவர்கள், ஒரு நூல் போனாலே முழுமையை இழந்தார்கள். இந்தக் கணக்கில், இருபது கண்டென்சர் மாற்றிய மேசையில் ஒன்றன்பின் ஒன்றாக இருபது ரேடியோக்கள் பிறந்து மடிந்திருக்கும். ‘அதுவே இது’ என்ற உணர்வு, மழித்த பின் வளர்ந்த முடியை ‘அதே முடி’ என்பதுபோல, இனம் ஒன்றாக இருப்பதால் எழும் பேச்சாகிவிடும்.

சமணர் இரண்டு கட்சிக்கும் நடுவே நின்றார்கள். தோன்றலும் அழிதலும் நிலைத்தலும் சேர்ந்ததே உண்மைப்பொருள் என்பது உமாஸ்வாதியின் இலக்கணம். பொற்குடத்தை உருக்கி மகுடம் செய்தால், குடம் வேண்டியவர் வருந்துவார், மகுடம் வேண்டியவர் மகிழ்வார், பொன் வேண்டியவர் இரண்டும் இன்றி இருப்பார். மூவரும் கண்டது உண்மையே என்று சமந்தபத்திரர் விளக்கினார். பழைய ரேடியோவைச் சுற்றி நிற்போரிடம் இதை அப்படியே காணலாம். 1950களின் தொழில்நுட்பச் சான்றாக அதை வேண்டுபவருக்குப் புதிய கண்டென்சர் இழப்பு. காலையில் செய்தி கேட்க வேண்டுபவருக்கு அதுவே வரவு. தாத்தாவின் பெட்டி என்று வேண்டும் பேத்திக்கு, மரமும் கைப்பிடியின் தேய்மானமும் இருக்கும்வரை கண்டென்சர் எதுவானாலும் ஒன்றுதான். கேள்வி ஒன்றாகத் தோன்றினாலும் ‘எதன் பொருட்டு அதுவே?’ என்று கேட்டால் அது மூன்றாகப் பிரியும் என்பதைச் சமணர் கண்ட தெளிவு மற்றவர்களிடம் இல்லை.

ரேடியோவை உடலுக்கு உவமையாக்கி உயிரைப் பற்றிப் பேசும் வழக்கமும் உண்டு. அதை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். மூளை உணர்வை உண்டாக்குவதில்லை, வேறெங்கோ உள்ளதைக் கடத்தித் தருகிறது என்று கொள்ளவும் இடமுண்டு என அமெரிக்கத் தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1898இல் வெளியான ‘மனித அழியாமை’ என்ற உரையில் வாதிட்டார். அவர் காட்டிய உவமைகள் ஒளியைப் பிரிக்கும் பட்டகமும் ஆர்கன் வாத்தியத்தின் கட்டைகளும். ஒலிபரப்பு பரவியபின் அந்த இடத்தை ரேடியோ பிடித்துக்கொண்டது: பெட்டி உடைந்தால் பாட்டு நிற்கும், நிலையம் நிற்காது, அதுபோல உடல் விழுந்தாலும் உயிர் விழாது. கேட்க ஆறுதலான உவமை. சீர்செய்யும் மேசையிலிருந்து பார்த்தால் இரண்டு இடங்களில் அது நொண்டுகிறது. நிலையம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிவது, பக்கத்தில் இன்னொரு ரேடியோ அதைப் பிடிப்பதால். ஒருவரின் உணர்வைப் பிடித்துக் காட்ட இரண்டாவது பெட்டி கிடையாது. அடுத்தது இன்னும் முக்கியம். கண்டென்சர் கசிந்தால் ஒலி கரகரக்கும், தேயும், நிற்கும். எந்தப் பழுதிலும் செய்தி வாசிப்பவர் தமிழை மறப்பதில்லை, தன் பிள்ளையின் பெயரை மறப்பதில்லை. மூளைக்குக் காயம் பட்டால் மறதியும் குணமாற்றமுமே வருகின்றன. பழுது கருவியில், நிகழ்ச்சி வேறிடத்தில் என்ற பிரிவினை மனிதரிடம் அவ்வளவு சுத்தமாக இல்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் வகுத்த சைவ சித்தாந்தம் இந்தச் சிக்கலை முன்பே எதிர்கொண்டது. உயிர் உடலினும் வேறு என்பதில் அதற்கு ஐயம் இல்லை. ஆனால் அந்த உயிர் எங்கோ தனியே முழு அறிவோடு ஒலிபரப்பிக்கொண்டிருப்பதாக அது சொல்வதில்லை. கருவிகள் கூடாத கேவல நிலையில் உயிர் இருளில் திறந்திருக்கும் கண் போல எதையும் அறியாது கிடக்கும். கருவிகள் கூடிய சகல நிலையில்தான் அதற்கு அறிதல் உண்டு. எதைச் சார்கிறதோ அதன் தன்மையாகவே அது நிற்கும். கருவியின் பழுது அறிவின் பழுதாகவே ஏன் தோன்றுகிறது என்பதற்கு இதில் இடம் இருக்கிறது. உயிரைக் காப்பாற்றுவதற்காக உடலை வெறும் பெட்டியாக்கிவிடாத இந்த நிதானம், ரேடியோ உவமையை விட மிகுந்த ஆராய்ச்சியுடையது.

ஆனால் ‘அதுவே இது’ என்ற கேள்விக்கு நம்மிடம் உள்ள மிகச் சிறந்த விடை தருக்க நூல்களைவிடக் கோயில் திருப்பணி நடைமுறையில் கிடைக்கிறது. ஆகமங்கள் சீரணோத்தாரணம் என்று பெயரிட்டு, சிதைந்ததைப் புதுக்குவதற்குத் தனி விதிகள் வகுத்துள்ளன. கல் அதே கல்லா என்பதை அவை முதற்கேள்வியாக எடுப்பதில்லை. வேலை தொடங்கும் முன் திருமேனியில் உள்ள ஆற்றலைக் கலாகர்ஷணம் செய்து கும்பத்தில் ஏற்றி, பாலாலயம் என்ற தற்காலிகச் சந்நிதியில் வைத்து வழிபாட்டைத் தொடர்கிறார்கள். கருவறையில் உளி நடக்கும். சிற்றுறுப்புச் சிதைந்திருந்தால் செப்பனிடலாம்; பேருறுப்புச் சிதைந்தால் புதிய திருமேனி செய்து, பழையதை முறைப்படி நீரிலோ நிலத்திலோ சேர்க்கலாம். முடிவில் குடமுழுக்கில் கும்ப நீர் திரும்புகிறது. கல் மாறியிருந்தாலும் சுவாமி மாறவில்லை என்று ஊர் கொள்வது, நடுவில் ஒரு நாளும் வழிபாடு அறுபடாததால். நாகசேனர் சொன்ன சுடரின் தொடர்ச்சியை, அவர் மறுத்த நிலைபேற்றின் பெயரால், மனிதர்கள் கைகளால் நடத்திக் காட்டும் செயல் இது.

குடமுழுக்குக்குப் பன்னிரண்டு ஆண்டு என்று வழங்கும் கணக்கு இன்னொரு வகையில் கவனிக்கத்தக்கது. திருமேனியைப் பீடத்தோடு பிணைக்கும் அஷ்டபந்தனம் கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டையும் இடித்துச் சேர்ப்பது. அது காலப்போக்கில் உலர்ந்து, பிளந்து, நீரை உள்ளே விடும். ஆகவே இந்த மருந்து புதிதாகச் சாத்தப்படுகிறது. ரேடியோவில் சாவதும் பிணைக்கும் பொருள்தான். மெழுகும் காகிதமும் வறளும் திரவமும். பேருறுப்புகள் தாங்குகின்றன, நடுவே நின்று சேர்ப்பவை தேய்கின்றன. வேறுபாடு ஒன்றே: கோயில் அது பிளக்கும் வரை காத்திராமல் ஆண்டுக் கணக்கு வைத்துக்கொண்டது.

மற்ற மரபுகளும் இதே வேலையை வெவ்வேறு விதமாகச் செய்தன. ஜப்பானின் இசே கோயில் இருபது ஆண்டுக்கு ஒருமுறை அடுத்துள்ள மனையில் முற்றிலும் புதிய மரத்தால் எழுப்பப்படுகிறது. 2013இல் நடந்தது அறுபத்திரண்டாவது முறை. அங்கே காக்கப்படுவது மரமல்ல, தச்சுமுறை. பூரியில் ஜகந்நாதரின் மரத் திருமேனிகள் ஆஷாட மாதம் இரட்டிக்கும் ஆண்டுகளில் நவகளேபரம் என்ற பெயரில் மாற்றப்படுகின்றன. 1996, 2015 ஆகிய ஆண்டுகளில் அது நடந்தது. கண்ணைக் கட்டிக்கொண்ட அர்ச்சகர் பிரம்ம பதார்த்தம் என்ற ஒன்றைப் பழைய திருமேனியிலிருந்து எடுத்துப் புதியதில் வைக்கிறார். பழையவை கோயில் வளாகத்திலேயே அடக்கம் செய்யப்படுகின்றன. முற்றும் மாறினாலும் ஏதோ ஒன்று மாறாமல் கைமாற வேண்டும் என்ற எண்ணம் அங்கே உண்டு. அது வால்வுக்குள் இருக்கும் வெற்றிடத்தை நினைவூட்டுகிறது.

ஹாப்ஸின் முடிச்சுக்கு நேரான விடை காஞ்சிபுரத்தில் இருக்கிறது. வரதராசப் பெருமாள் கோயிலில் முன்பு மூலவராக இருந்ததாக மரபு கூறும் அத்திமரத் திருமேனி, கருவறைக்குக் கல் திருமேனி வந்தபின் அழிக்கப்படவில்லை. அனந்தசரஸ் குளத்தினுள் இருக்கிறது. நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை வெளியே எடுத்து 48 நாள் தரிசனத்துக்கு வைக்கிறார்கள். 1979க்குப் பிறகு 2019இல் எடுத்தார்கள். எது உண்மையான வரதர் என்று அங்கே திரண்ட கூட்டத்தில் எவரும் வழக்குத் தொடுக்கவில்லை. கருவறையில் இருப்பவரும் அவரே, குளத்தில் இருப்பவரும் அவரே. இரண்டு கப்பல்களும் தீசியஸின் கப்பலாக இருப்பது ஏதென்ஸில் அபத்தம். காஞ்சியில் அது உற்சவம். சமணர் சொன்ன ‘எதன் பொருட்டு’ என்ற கேள்விக்கு அங்கே நாள்தோறும் ஒரு விடையும் நாற்பது ஆண்டுக்கு ஒரு விடையும் உண்டு.

தொடர்ச்சி போதும் என்றால் எதையும் செய்துவிட்டு அதுவே இது என்று சொல்லலாமா? இங்கேதான் சீர்செய்பவரின் அறம் வருகிறது. ஐரோப்பாவில் கட்டடங்களை வைத்து இந்தச் சண்டை நடந்தது. பாரிஸின் நோத்ர தாம் உள்ளிட்டவற்றைச் சீர்செய்த கட்டடக் கலைஞர் வியோலே-லெ-டியூக், ஒரு கட்டடம் எக்காலத்திலும் இருந்திராத முழு நிலைக்கும் அதைக் கொண்டுசேர்க்கலாம் என்றார். ஆங்கில எழுத்தாளர் ஜான் ரஸ்கின் 1849இலேயே சீரமைப்பு என்பதே பொய், ஒரு கட்டடம் அடையக்கூடிய மிக முழுமையான அழிவு என்று எழுதியிருந்தார். இருவருக்கும் நடுவே ஒரு வழியை இத்தாலியின் செசாரே பிராண்டி 1963இல் வெளியான நூலில் காட்டினார்: சேர்த்த பகுதி தள்ளி நின்று பார்க்கும்போது முழுமையைக் குலைக்கக் கூடாது, நெருங்கிப் பார்ப்பவருக்குப் புதியது என்று தெரிய வேண்டும். பழங்கட்டடங்களின் சீரமைப்புக்கான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனமும் இதையே விதியாக்கி, ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நிற்க வேண்டும் என்றது.

ரேடியோ மேசையில் இதற்கு இணையான ஒரு பழக்கம் உண்டு. பழைய கண்டென்சரின் அட்டைக் குழலைச் சூடாக்கி, உள்ளே இருக்கும் சுருளை எடுத்துவிட்டு, சிறிய புதிய கண்டென்சரை அதற்குள் வைத்து, மீண்டும் மெழுகு ஊற்றி மூடுகிறார்கள். திறந்து பார்த்தாலும் 1955இல் செய்தது போலவே இருக்கும். கண்ணுக்கு இதமான வேலை, பொறுமையும் வேண்டியது. இதைப் பொய் என்று தள்ளிவிடுவது எளிது, அது சரியல்ல. கோயில் கருவறைச் சுவரைப் பழைய வடிவத்திலேயே கட்டும் தச்சரும் இதைத்தான் செய்கிறார். பொய்யாவது, அடுத்து அதைத் திறப்பவருக்குத் தெரிவிக்காமல் விடும்போது. விற்கும்போது ‘எல்லாம் ஒரிஜினல்’ என்று சொன்னால் அது வெறும் மோசடி. சொல்லாமல் இருந்தாலும் தீங்கு உண்டு. முப்பது ஆண்டு கழித்துத் திறப்பவர், அந்த மெழுகுக் குழல்கள் சாகவேண்டியவை என்று அறிந்தவர், நல்ல உறுப்புகளைப் பிடுங்கி எறிவார், அல்லது பழைய காகிதமே இவ்வளவு காலம் தாங்கும் என்று தவறாகக் கற்பார்.

தமிழ்நாட்டுத் திருப்பணிகளில் இதற்கான முறை ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இருந்தது. பத்தாம் நூற்றாண்டில் சோழ அரசி செம்பியன் மாதேவி பழைய கோயில்கள் பலவற்றைக் கற்றளியாக, அதாவது கற்கோயிலாக, எடுப்பித்தார். காவிரி வடகரையில் திருக்கோடிகாவலில் அப்படிக் கட்டியபோது, பழைய கற்களில் இருந்த கொடைச் செய்திகளைப் புதிய சுவரில் மீண்டும் வெட்டச் செய்தார். அவை பழங்கல்லைப் பார்த்து எடுத்த படிகள் என்ற குறிப்பையும் அங்கேயே சேர்த்தார்கள். பழங்கற்படி என்பது கல்வெட்டுகளில் வழங்கும் சொல்லாகவே ஆயிற்று. கொள்ளிடத்தின் வடகரையில் திருமழபாடியில் விமானத்தைப் பிரித்துக் கட்டச் சோழ மன்னன் முதலாம் இராசராசன் ஆணையிட்டபோது, சுவரில் இருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்து வைத்து, பின்னர் அவன் மகன் இராசேந்திரன் காலத்தில் புதிய சுவரில் பொறித்தார்கள். புதிய கல் பழைய கல்லின் இடத்தில் நிற்கிறது, அதன் கடமைகளை ஏற்கிறது, தான் பழைய கல் அன்று என்பதையும் தானே சொல்கிறது.

சீர்செய்த ரேடியோவுக்கு இன்னொரு குறையும் எஞ்சியிருக்கிறது. டயல் கண்ணாடியில் அச்சிட்ட ஊர்கள் பலவற்றின் குரல் அந்த அலைவரிசையில் இன்று இல்லை. சுவிட்சர்லாந்தின் பெரோமுன்ஸ்டர் 2008 முடிவில் மீடியம் வேவை நிறுத்தியது. ஜெர்மனியின் தேசிய நிலையம் 2015 முடிவில் நிறுத்தியது. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை முழுதும் முள்ளைத் திருப்பித் தேடிய கொழும்பும் அந்தக் கண்ணாடியில் உள்ள பெயர்களுள் ஒன்று. கண் குணமாகிறது, பார்க்க வெளிச்சம் குறைந்துவிட்டது. அரிஸ்டாட்டிலின் அளவுகோலில் இது பழுது அல்ல; பார்வை ஆற்றல் இருக்கும்வரை இருளிலும் அது கண்தான். இரவில் முள்ளை மெல்ல நகர்த்தினால் தொலைவிலிருந்து ஒன்றிரண்டு நிலையங்கள் இரைச்சலுக்கு நடுவே வரும். அதுவும் போதாதவர்கள், சில மீட்டருக்குள் மட்டும் எட்டும் சிறு டிரான்ஸ்மிட்டரை அறையில் வைத்து, பழைய பாடல்களை அலையாக்கி அந்த ரேடியோவுக்கே அனுப்புகிறார்கள். அதன் சுருள்களும் வால்வுகளும் அன்று செய்த அதே வேலையைச் செய்கின்றன. பாலாலயத்தைப் போலச் சிறிய இடத்தில், ஆனால் அறுபடாமல்.

பின்பலகையின் உட்புறத்தில், தொழிற்சாலை ஒட்டிய வால்வு வரிசைத் தாளுக்குப் பக்கத்தில், ஒரு சிறு தாளை ஒட்டும் வழக்கம் நல்ல கைகளிடம் உண்டு. மாற்றிய உறுப்புகள் எவை, எந்த அளவு, எந்தத் தேதி, மெழுகுக் குழலுக்குள் இருப்பது எது என்பதெல்லாம் அதில் எழுதப்படுகிறது. கழற்றிய பழையவை இருந்தால் அவை சட்டத்தின் அடியில் ஒரு துணிப்பையில் கட்டிவைக்கப்படுகின்றன.